மின் சைக்கிள் வந்தால் எந்தப் பயணம் மாறும்?

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மின் சைக்கிள் வாங்கினால் பெட்ரோல் வண்டியை எடுப்பது உண்மையிலேயே குறையுமா, அல்லது சில மாதங்களில் அது வராந்தாவில் நின்றுவிடுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: தாங்கள் எந்தப் பயணத்துக்கு அதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். நார்வேயில் சிலருக்கு மின் சைக்கிளைக் கொடுத்துப் பயன்படுத்தச் செய்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. அவர்கள் நாளொன்றுக்குச் சைக்கிளில் சென்ற தூரம் சராசரியாக 4.8 கிலோமீட்டரிலிருந்து 10.3 கிலோமீட்டராக உயர்ந்ததாக அது கூறுகிறது. ஆனால், சீனாவின் குன்மிங், ஷாங்காய் நகரங்களில் மின் வண்டிக்காரர்களிடம் விசாரித்தபோது, இவ்வண்டி இல்லாவிட்டால் பஸ்ஸில்தான் போயிருப்போம் என்று பெரும்பாலோர் கூறினர். ஆகவே, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்பதாலேயே பெட்ரோல் செலவு குறைந்துவிடாது.

சாதாரண சைக்கிளை நம்மவர்கள் கைவிட்டதற்குத் தூரத்தைவிட மேடும் வியர்வையுமே பெரிய காரணங்கள் என்பது என் கருத்து. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் காலை வேளையில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குபவர், பாதி ஏற்றத்தில் இறங்கி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, இடது ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அதைத் தாண்டினால் பாலாற்றுப் பாலத்தில் எதிர்காற்றும் வெயிலும் காத்திருக்கின்றன. மின் சைக்கிளில் பெடலை மிதித்த சில கணங்களில் மோட்டார் கைகொடுக்கத் தொடங்கிவிடுவதால், அதே ஏற்றத்தை உட்கார்ந்தபடியே கடக்கலாம், சட்டை நனையாமல் அலுவலகம் போய்ச் சேரலாம். தாங்கள் செல்லும் தூரத்துக்கு மோட்டார் சைக்கிளைக் காட்டிலும் சில நிமிடங்களே கூடுதலாகும். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யப் பொதுவாக அரை யூனிட் மின்சாரமே போதும்.

மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆற்காடு போவதற்கோ, கேஸ் சிலிண்டர் எடுத்து வருவதற்கோ இது உதவாது. எனவே மோட்டார் சைக்கிளை விற்க வேண்டியதில்லை. தாங்கள் தனியாகச் செல்லும் ஏழெட்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களை மட்டும் இதற்கு மாற்றினாலே பெரிய மாற்றம்தான். வண்டி வராந்தாவில் நின்றுவிடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கும் வண்டி பஞ்சரானால், ஒயரைக் கழற்றிச் சக்கரத்தை எடுக்கத் தெருமுனைக் கடைக்காரர் தயங்குவார். சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூபை வெளியே இழுத்து ஒட்டலாம் என்பதை அவருக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். மாடி வீடானால், பேட்டரியைத் தனியே கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தினமும் படியேற்ற யாராலும் இயலாது.

கேள்வி: சாதாரண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லாதபோது, என்னைப் போன்றவர்களுக்கு மின் சைக்கிள் எதற்கு?
– வாசகி, பாகாயம்

பதில்: 2021 முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லாப் பயணம் பல பெண்களின் மாதச் செலவைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. தங்கள் வீட்டு வாசலருகே நிறுத்தமும் அடிக்கடி பஸ்ஸும் இருந்தால், மின் சைக்கிளுக்குப் பணம் போட வேண்டாம் என்றே சொல்வேன்; பஸ்ஸில் போகும் ஒருவர் தனி வண்டிக்கு மாறுவதால் நெரிசலும் குறையாது, காற்றும் தூய்மையாகாது. ஆனால், பெண்களின் பயணம் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நேராகச் செல்வதாக இருப்பதில்லை. வேலை முடிந்து மார்க்கெட், அங்கிருந்து பிள்ளையின் ட்யூஷன், பிறகு வீடு என்று மூன்று நான்கு இடங்களைத் தொட வேண்டியவரும், ஷிஃப்ட் முடிந்து பஸ் குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டிய செவிலியரும் நிறுத்தங்களில் இழக்கும் நேரம் மிக அதிகம். அத்தகையவருக்கு இது வசதியைக் கடந்து, யாரையும் எதிர்பாராமல் வெளியே போய்வரும் உரிமையாகவே ஆகிவிடுகிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா? வீட்டில் சார்ஜ் போடுவது ஆபத்தில்லையா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டுமுன் மோட்டார் உதவி நின்றுவிடும் பெடல் சைக்கிளுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி மெக்கானிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். ஹெல்மெட்டைச் சட்டத்துக்காக அன்றி, தங்கள் தலைக்காக அணியுங்கள்.

தங்கள் அச்சம் நியாயமானது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளின் பேட்டரி அதைவிடச் சிறியதாயினும் பெரும்பாலும் அதே லித்தியம் வகைதான். கத்திரி வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல், நிழலில் வைத்துச் சூடு தணிந்த பின் போடுங்கள். வண்டியுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தளர்ந்த பிளக் பாயிண்டையும் எக்ஸ்டென்ஷன் ஒயரையும் தவிருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வீட்டைவிட்டு வெளியேறும் வாசலை மறித்தபடி ஒருபோதும் போடாதீர்கள்.