அமெதிஸ்ட் மாலை கொக்கி பக்கத்துலயே அறுந்தா
அக்கா, கும்பகோணத்துல நைலான் நூல்ல கோத்த அமெதிஸ்ட் (ஊதாக் கல்லு) மாலை ரெண்டு தடவையும் கொக்கி பக்கத்துலயே அறுந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, பாவம் நூலைத் திட்டாதீங்க, மணியோட துளை ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், ஆட ஆட அறுத்துடும். துளை ஓரத்துல பஞ்சைத் தேச்சுப் பாருங்க, இழை மாட்டுச்சுன்னா அதான். டைமண்ட் ரீமர் (துளையை ராவுற, வைரத்தூள் பூசின ஊசி மாதிரி கருவி) வாங்கி மணியைத் தண்ணிக்குள்ள முக்கி வச்சே ஓரத்தை லேசா ராவுங்க, சாதா அரம் வேலைக்கே ஆகாது, அமெதிஸ்ட் கடினம் மோஸ் அளவுல பத்துக்கு 7 (நம்ம தஞ்சாவூர் பக்கத்து வல்லத்துல மூக்குக்கண்ணாடிக்குத் தேச்ச கல்லும் இதே குவார்ட்ஸ்தான்). காஞ்சபடி ராவுனா தூசி நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம் நைலான் பூசின ஸ்டீல் வயர்ல கோத்து முனையில கிரிம்ப் மணி (வயரைப் பிடிச்சுக்கிற குட்டி உலோக மணி) போட்டு நசுக்குங்க, ரொம்ப டைட்டா இழுக்காதீங்க. முத்து சேக்குறதா சொன்னீங்களே, அது மெது, கல்லு உரசுனா கீறிடும், அதுக்கு பட்டு நூல்ல மணிக்கு மணி முடிச்சு போடணும். கழுவிட்டு வெயில்ல காயப்போடாதீங்க, ஊதா வெளுத்துடும்.