எழுத்தைத் தட்டியதும் லூப் நிற்காமல் ஓடுகிறதா?

கேள்வி: சி++ நிரல் மொழி பழகத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பயனரிடம் வயதைக் கேட்டு, 1 முதல் 120 வரை இருந்தால் மட்டும் ஏற்கும்படி டூ-வைல் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி) எழுதினேன். 150 என்று கொடுத்தால் மறுபடி கேட்கிறது. ஆனால் கை தவறி ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால், 'வயது என்ன?' என்ற கேள்வி திரை முழுக்க நிற்காமல் ஓடுகிறது. வைல் லூப்பாக மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. என் நிபந்தனையில் என்ன பிழை?

பதில்: நிபந்தனையில் பிழை இல்லை. டூ-வைல், வைல் இரண்டில் எதைப் போட்டாலும் இது நடக்கும். கோளாறு லூப்புக்குள், தட்டுவதை வாசிக்கும் சின் (cin) வரியில் இருக்கிறது.

நீங்கள் தட்டுவதெல்லாம் முதலில் ஒரு வரிசையில் போய் நிற்கும். சின் அந்த வரிசையின் முனையைப் பார்க்கும். எண் வேண்டிய இடத்தில் இலக்கம் நின்றால் எடுத்துக்கொள்ளும். எழுத்து நின்றால் அதைத் தொடாது. 'வாசிக்க முடியவில்லை' என்று தனக்குள் ஒரு கொடியை ஏற்றிவிட்டு, வயதில் 0 போட்டுவிடும் (2011-இல் வந்த சி++11 பதிப்பு முதல் இதுதான் விதி, அதற்கு முன் பழைய மதிப்பே கிடக்கும்). 0 உங்கள் வரம்புக்கு வெளியே இருப்பதால் லூப் மறுபடி சுற்றுகிறது. கொடி இன்னும் இறங்கவில்லை என்பதால் அடுத்த முறை சின் வாசிக்கவே முயலாது, யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே போன அந்த ஓர் எழுத்து வரிசையின் முனையில் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

ஒரு வகையில் உங்களுக்கு இது நல்லதாகப் போயிற்று. வயதுக்குப் பதில் 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்டிருந்தால் திரை ஓடியிருக்காது. எழுத்தைத் தட்டியவருக்குச் சத்தமில்லாமல் 0 மதிப்பெண் பதிவாகியிருக்கும், அதற்கடுத்த கேள்விகளும் வாசிக்கப்படாமலே கடந்து போயிருக்கும்.

பலரும் சொல்லும் மருந்து, சின்.கிளியர் போட்டுக் கொடியை இறக்கி, பிறகு சின்.இக்னோர் போட்டு வரியில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுவது. கிளியர் முதலில், இக்னோர் பிறகு என்ற ஒழுங்கு மாறக் கூடாது. கொடி இறங்காமல் இக்னோர் எதையும் கொட்டாது. இது ஓடும் திரையை நிறுத்தும், ஆனால் முழுத் தீர்வு ஆகாது. ஒருவர் '25.7' என்று தட்டினால் சின் 25-ஐ எடுத்துக்கொண்டு 'சரி' என்றுவிடும். மிச்சமான '.7' அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் நிற்கும். பிழை ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் வெடிக்கும். வெறும் என்டரைத் தட்டினால் சின் எதுவும் சொல்லாமல் காத்துக்கொண்டே இருக்கும். பயனரோ புரோகிராம் செத்துவிட்டது என்று நினைப்பார்.

ஆகவே எண்ணை எண்ணாக வாங்காதீர்கள். முழு வரியையும் கெட்லைன் (getline) மூலம் ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வாங்குங்கள், சரிபாருங்கள், அதன் பிறகு எண்ணாக மாற்றுங்கள். முடிவில்லாத வைல் லூப் ஒன்று போட்டு, உள்ளே இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: வரி காலியா என்று முதலில் பாருங்கள். அடுத்து அதன் நீளம் 3-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஃபார் லூப் வைத்து ஒவ்வோர் எழுத்தும் '0' முதல் '9' வரை உள்ளதா என்று பாருங்கள். மூன்றும் தேறினால் மட்டும் ஸ்டாய் (stoi) ஃபங்ஷனிடம் கொடுத்து எண்ணாக்கி, 1 முதல் 120 வரை உள்ளதா என்று பார்த்து, பிரேக் போட்டு வெளியே வாருங்கள். எது தவறினாலும் '1 முதல் 120 வரை ஒரு முழு எண் தாருங்கள்' என்று அச்சிட்டு மறுபடி கேளுங்கள். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன தட்ட வேண்டும் என்று எப்படி அறிவார்?

காலி வரியை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்தே இல்லாத வரியில் தவறான எழுத்தும் இல்லை, ஃபார் லூப் அதைத் தேர்ச்சி என்றுவிடும். ஸ்டாய் காலி ஸ்ட்ரிங்கை வாங்கியதும் புரோகிராம் முறிந்து விழும். நீளத்தைப் பார்க்காவிட்டால் '99999999999' கொடுத்தாலும் அதே கதி.

இனி, பெரும்பாலான பாடங்கள் சொல்லாமல் விடும் ஒன்று: உள்ளீடு தீர்ந்து போவது. லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல்-டி, விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் தட்டி என்டர் கொடுத்தால் 'இனி எதுவும் வராது' என்று பொருள். உள்ளீட்டை ஒரு கோப்பிலிருந்து கொடுத்தாலும் கோப்பு முடிந்ததும் இதே நிலைதான். அப்போது கெட்லைன் தோற்கும், வரி காலியாக இருக்கும், உங்கள் லூப் மறுபடி கேட்கும், கெட்லைன் மறுபடி தோற்கும். எங்கே தொடங்கினோமோ அங்கேயே திரும்பி வந்துவிட்டோம். இங்கே கிளியர் உதவாது. கொடியை இறக்கினாலும் வாசிக்க எதுவும் இல்லை. விடைகளைத் தானாகத் திருத்தும் தளங்கள் உள்ளீட்டை இப்படித்தான் ஊட்டுகின்றன. 'நேரம் தாண்டியது' என்று வருவதற்கு இந்த லூப்பும் காரணமாக இருக்கலாம். எனவே கெட்லைனை இஃப் நிபந்தனைக்குள்ளேயே வையுங்கள். அது தோற்றால் மறுபடி கேட்காமல் ரிட்டர்ன் 1 கொடுத்து முடித்துவிடுங்கள். கண்ட இடத்திலெல்லாம் மறுபடி கேட்பது சரிபார்ப்பு ஆகாது. மறுபடி கேட்டால் பதில் வர வாய்ப்பிருக்கிறதா என்பதையும் லூப் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் தேடினால் எஃப்ஃப்ளஷ் (fflush) போட்டு உள்ளீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். போடாதீர்கள். அது வெளியீட்டுக்கானது. உள்ளீட்டில் அழைத்தால் என்ன நடக்க வேண்டும் என்று சி மொழியின் தர விதியில் இல்லை. ஒருவர் கணினியில் ஓடுவது உங்கள் கணினியில் ஓடாமல் போகலாம். புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனையே மறுபடி அழைக்கச் சொல்பவர்களும் உண்டு, சி++ விதி அதைத் தடுக்கிறது.

இன்னொரு கூட்டம், தயாராக வைத்த புராஜெக்டை விற்பவர்கள். காசை வாங்கிக்கொண்டு கொடுக்கும் நிரல்களில் உள்ளீடு பகுதி பெரும்பாலும் நீங்கள் எழுதியதைப் போலவே வெறும் சின் வரிகள்தான். எழுதியவரிடம் கேட்டால் 'சரியாகக் கொடுத்தால் சரியாக ஓடும்' என்பார். அவரைச் சொல்லியும் பயனில்லை. பயிற்சித் தாள்களே மாதிரி உள்ளீடாகச் சரியான எண்ணை மட்டும் தருகின்றன. விடை திரையில் வந்தால் முழு மதிப்பெண் என்கிறார்கள் ஆசிரியர்கள். வைலுக்கும் டூ-வைலுக்கும் வேறுபாட்டை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒருவர் தவறாகத் தட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. உங்களுக்கு வந்த சந்தேகம் முதல் வாரத்திலேயே பாடமாக இருந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்: 25, 1, 120, 0, 121, -5, ஓர் எழுத்து, 25.7, வெறும் என்டர், 99999999999, கடைசியாகக் கன்ட்ரோல்-டி அல்லது கன்ட்ரோல்-இசட். முதல் மூன்றும் ஏற்கப்பட வேண்டும், கடைசியில் புரோகிராம் அமைதியாக முடிய வேண்டும், மற்றதற்கெல்லாம் ஒரே ஒரு முறை மறுபடி கேட்க வேண்டும். ஏதாவது ஒன்றில் கேள்வி இரண்டு முறை அச்சாகிறது என்றால், எங்கோ ஒரு சின் வரி இன்னும் மிச்சமிருக்கிறது. அதையும் கெட்லைனாக மாற்றுங்கள்.