இட்லிக்கடை அக்காவுக்கு அரசு விருது: பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, வீட்டில் அடிபட்டு ஓடிவரும் பெண்களைப் பதினெட்டு வருடமாகக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தங்கவைக்கிறார். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கூடவே போகிறார். டிரஸ்ட், சங்கம் எதுவும் கிடையாது. அவருக்கு விருது வாங்கித்தர மகளிர் குழுக்களில் 11,000 ரூபாய் வசூல் செய்திருக்கிறோம். சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, 15,000 கட்டினால் சேவை விருது, 25,000 கட்டினால் டாக்டர் பட்டமும் சேர்த்து என்கிறார். அரசு விருது என்றால் உதவி பெற்ற பெண்களின் போட்டோவும் கையெழுத்தும் வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்கிறார்கள். ஒரு பெண் மேடையில் பேசவும் தயார். எப்படிச் செய்வது? (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: அந்தச் சென்னைக்காரரை முதலில் முடித்துவிடுவோம். இப்படிப்பட்ட சேவைக்கான அரசு விருதுகளுக்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கும் இல்லை, பரிந்துரைக்கும் இல்லை, பரிசீலனைக்கும் இல்லை. பணம் கேட்பவர் விற்பது விருதை அல்ல, ஒரு ஷீல்டையும் சால்வையையும், ஓய்வுபெற்ற பெரிய மனிதர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் போட்டோவையும்தான். டாக்டர் பட்டமோ அதைவிடக் கேலிக்கூத்து. கௌரவ டாக்டர் பட்டம் தரும் அதிகாரம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. 2023இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. மேடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேடை வாடகைக்குக் கிடைக்கும்.

பணம் போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த மாதிரி அமைப்புகள் விருதோடு ஓர் அடையாள அட்டையும் கொடுக்கும். 'மாநில மகளிர் பிரிவு அமைப்பாளர்' என்று எழுதி, பார்த்தால் அரசாங்க அட்டை போலவே சிங்கமுகமெல்லாம் போட்டிருக்கும். ஆறு மாதம் கழித்து அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டு நாலு பேர் ஊர்க் குடும்பத் தகராறுகளில் நுழைவார்கள். 'அக்கா சார்பில் வந்திருக்கிறோம்' என்று சமரசம் பேசி இரண்டு பக்கமும் காசு வாங்குவார்கள். கட்டப் பஞ்சாயத்து இப்படித்தான் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. அப்புறம் அக்கா உண்மையாகவே ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், இன்ஸ்பெக்டர் அவரையும் அந்தக் கும்பலில் ஒருத்தியாகத்தான் பார்ப்பார். பதினெட்டு வருடத்து நம்பிக்கை பதினைந்தாயிரம் ரூபாயில் போய்விடும்.

சரி, உண்மையான விருதுகளுக்கு வருவோம். உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று, மார்ச் 8 மகளிர் தினத்தையொட்டித் தமிழ்நாடு அரசு தரும் ஔவையார் விருது. மற்றொன்று, ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் நலனுக்குப் பாடுபட்ட சமூக சேவகருக்குத் தரும் விருது. இரண்டுக்கும் பொறுப்பு சமூகநலத் துறை. உங்கள் வாசல் திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட சமூகநல அலுவலர். முதல் விருதுக்கு ஆண்டின் கடைசி மாதங்களிலும், இரண்டாவதற்குக் கோடையை ஒட்டியும் அறிவிப்பு வருவது வழக்கம். நாளிதழில் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், கவனிக்காவிட்டால் தவறிவிடும். அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். டிரஸ்ட் இல்லையே என்ற கவலை வேண்டாம், தனிநபருக்குத்தான் இந்த விருதுகள். சிறந்த நிறுவனத்துக்கு வேறு விருது இருக்கிறது. மத்திய அரசின் பத்ம விருதுகள் எல்லாம் இருக்கட்டும், முதலில் மாவட்டத்தைத் தாண்டுங்கள்.

அக்காவின் சேவையை விவரிக்கும் கருத்துருவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். தமிழை மருதம் எழுத்துருவில்தான் அடிக்க வேண்டும் என்றுகூட சில அறிவிப்புகளில் இருக்கும். நடுராத்திரியில் கதவைத் திறந்துவிடும் இட்லிக்கடைப் பெண்ணுக்கு எந்த எழுத்துரு என்றால் என்ன? முப்பத்தொரு வருடம் இந்தத் துறையில் இருந்தவள் நான். நல்ல கோப்பு எழுதத் தெரிந்தவர் ஏறிப்போய் நல்ல வேலை செய்தவர் கீழே நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதும் வேலையைக் குழுவில் ஒருவர் தலையில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று கேட்பார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்பவர்மேல் யாரும் மனுக் கொடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'என் மனைவியைக் கடத்தி வைத்திருக்கிறாள்' என்று ஏதோ ஒரு கணவர் நிச்சயம் எழுதிக்கொடுத்திருப்பார். பதறாதீர்கள். மனுக் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்காகப் பதிவு செய்யும் எஃப்.ஐ.ஆர். வேறு. எது இருக்கிறது என்று முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டுவையுங்கள். இனிமேல் யாராவது தஞ்சம் என்று வந்தால், அன்றைக்கே குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கோ 181 பெண்கள் உதவி எண்ணுக்கோ அக்கா தகவல் சொல்லிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மேல் சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது என்கிறது. அந்தத் தகவல் பதிவாகிவிட்டால் பின்னால் வரும் பொய்ப் புகாருக்கு அதுவே பதில். விருதுக் கோப்புக்கும் அதுதான் சாட்சி.

இப்போது முக்கியமானது. கம்ப்யூட்டர் சென்டரில் சொன்ன போட்டோவும் கையெழுத்தும் வேண்டவே வேண்டாம். ஒரு பெண்ணின் போட்டோகூட வைக்காதீர்கள். அந்தக் கோப்பு எத்தனை மேசை தாண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், ஓர் அலுவலகத்தில் இப்படி வைத்த ஆல்பத்திலிருந்து ஒரு படம் பத்திரிகைச் செய்திக்குப் போய்விட்டது. விருது வாங்கியவரைச் சுற்றி நாலு பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதில் ஒருத்தி எந்த ஊரில் பிழைக்கிறாள் என்பது அவள் கணவருக்கு அந்தச் செய்தியைப் படித்துத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் வேலை செய்யும் இடத்துக்கே வந்து நின்றார். நல்ல வேளை, பக்கத்தில் ஆள் இருந்தார்கள். படத்தைக் கொடுத்தது யார் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்காவிடம் அந்தப் பெண்கள் போவதே, இவரிடம் சொன்னால் வெளியே போகாது என்ற தைரியத்தில்தான். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்கள் கேட்கவே இல்லை. கேட்ட அந்தக் கொஞ்சம் பேரின் முகத்தை ஆல்பம் போட்டால், நாளைக்கு அந்தக் கதவை யார் தட்டுவார்கள்?

அப்படியானால் எதை வைப்பது? பெயரில்லாமல் எண்ணிக்கை வைக்கலாம்: எந்த வருடம் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கும் மகளிர் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனார் என்று. ஊர், தொழில், பிள்ளைகளின் வயது எதையும் சொல்லாமல் இரண்டு மூன்று சம்பவங்களைச் சுருக்கமாக எழுதலாம். பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் நிர்வாகி, அரசு மருத்துவர், இவர்களில் இரண்டு பேர் 'இவர் மூலம் எங்களிடம் பெண்கள் வந்திருக்கிறார்கள்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொடுத்தால் நூறு போட்டோவுக்குச் சமம். கிராம சபைத் தீர்மானமும் வலுவான சான்றுதான். ஆனால் அதில் 'பெண்கள் நலப் பணிக்காக' என்று மட்டும் எழுதுங்கள். கடைக்குப் பின்னால் அறை இருக்கிறது என்பதைத் தீர்மானத்தில் ஏற்றிவிடாதீர்கள். கிராம சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் அடித்த கணவர்களும் உண்டு.

மேடையில் பேசத் தயாராக இருக்கும் பெண்ணைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. தன் கதையைத் தானே சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதை நான் தடுக்கவில்லை. ஆனால் 'தயார்' என்று அவர் எப்போது சொன்னார்? உங்கள் கூட்டத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதா? அக்காவுக்குக் கடன்பட்ட நிலையில் இருப்பவரால் உங்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தனியாக உட்கார்ந்து, அக்கா இல்லாத நேரத்தில், மறுபடி கேளுங்கள். ஜீவனாம்சமோ பிள்ளை யாரிடம் இருப்பது என்பதோ, ஏதாவது வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவருடைய வக்கீலைக் கேட்காமல் மேடை ஏறவே கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் மேடைப் பேச்சின் வீடியோவையும் கொண்டுவருவார். பாலியல் வன்கொடுமையும் நடந்திருந்தால் சட்டம் இன்னும் கடுமை. பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. அவரே எழுத்தில் சம்மதம் தந்தால்தான் விலக்கு, வாயால் சொன்னது போதாது. அவர் சம்மதித்தாலும் அவருடைய பிள்ளைகளுக்காகச் சம்மதித்ததாக ஆகாது. அம்மாவின் முகம் தெரிந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முகமும் தெரிந்துவிடும். கடைசி நிமிடத்தில் 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. இவ்வளவையும் தாண்டி அவர் பேசுகிறார் என்றால் தாராளமாகப் பேசட்டும், போன்களை மட்டும் பையில் போடச் சொல்லுங்கள்.

ஒரு யோசனையும் சொல்கிறேன். திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். சட்டத் தன்னார்வலர்களை அவர்கள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அறிவிப்பு வரும்போது அக்காவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, கையில் உண்மையான அடையாள அட்டையும் இருக்கும். மேடையில் போர்த்தும் சால்வையை ஸ்டேஷன் வாசலில் யாரும் பார்க்கப்போவதில்லை, இந்த அட்டையைப் பார்ப்பார்கள்.

எல்லாம் சரி, உங்கள் கடிதத்தில் அக்கா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. ரகசியமாகச் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். பேப்பரில் அவர் பெயர் வந்தால் அந்த அறை இருப்பதும் சுற்று வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே தங்குவது அவர்தான், நீங்கள் இல்லை. சரி என்று அவர் சொன்னால் விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாக உங்கள் மகளிர் குழுவின் முகவரியைக் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் 11,000 ரூபாயில் பின்பக்க அறைக்கு நல்ல உறுதியான கதவும், உள்பக்கம் இரண்டு இரும்புத் தாழ்ப்பாளும் போட்டுக்கொடுங்கள்.