எல்லாம் நார்மல் என்றால், நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். மகள் இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். எனக்கு அலுவலக வேலை இரவு வரை இழுக்கிறது. விடியற்காலை 4 மணிக்கே நெஞ்சு படபடத்து விழிப்பு வந்துவிடுகிறது. கழுத்து இறுக்கம், வயிற்றுக் கோளாறு வேறு. பலதுறை மருந்தகத்தில் இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் இது வெறும் பிரமையா டாக்டர்?

பதில்: பிரமை இல்லை அம்மா. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை சொன்னதும் அவை அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும். துடிப்பு ஏறும், தசை முறுக்கேறும், செரிமானம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்படும். நாய் துரத்தினால் ஓட இதெல்லாம் வேண்டும். உங்களைத் துரத்துவதோ மேலாளரின் வாட்ஸ்அப், எங்கே ஓடுவது? கார்ட்டிசோல் எல்லோருக்கும் விடியலை ஒட்டி ஏறத் தொடங்கும். கவலையும் சேர்ந்தால் 4 மணி விழிப்புதான்.

அடுத்த முறை கைப்பேசி அதிரும்போது உங்களைக் கவனியுங்கள். மூச்சைப் பிடித்திருப்பீர்கள், தோள் காதருகே ஏறியிருக்கும், பல் கடிபட்டிருக்கும். (எனக்கும் உண்டு. பல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.)

இதயத்தை 'மெதுவாகத் துடி' என்று அதட்ட முடியாது. மூச்சு மட்டும் நம் சொல் கேட்கும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. அதனால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள்; நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலமாக இழுக்காதீர்கள், தலை சுற்றும்.

அப்புறம் கோப்பி. மாலை 4 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி கஃபீன் இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள்.

மாதவிலக்கு முன்பின்னாக வருகிறதா? உங்கள் வயதில் அந்த மாற்றமும் படபடப்பைத் தரும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995. மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 1771, எந்த நேரமும்.

கைப்பேசியை இரவில் வரவேற்பறையிலேயே விட்டுவிடுங்கள். அலாரம் வேண்டுமே என்பீர்கள். தேக்காவில் ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வாங்கி, நடுவில் விழித்தாலும் மணி பார்க்காமலிருக்க, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.