மெட்டு இறங்கும்போது ரீஜென் ஏன் கைவிடுகிறது? கேள்வி பதில்

போடிக்கும் பூப்பாறைக்கும் நடுவே போடிமெட்டு மலைச்சாலையில் 15 வருடம் டீசல் ஜீப் ஓட்டினேன், இப்போது 3 வருடமாக மின்சார கார். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

அண்ணே, போடிமெட்டில் தங்கிய இடத்தில் ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கீழே இறங்கினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பிடிக்கவே இல்லை. மீட்டரில் ரீஜென் குறைவு என்று மஞ்சள் எழுத்து. மோட்டார் போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை தம்பி. ரீஜென் என்றால் சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் டைனமோ மாதிரி கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்புவது, அந்த இழுவையில்தான் வண்டி பிடிக்கிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் கரண்டுக்கு இடமில்லை, அதனால் கார் தானாகவே ரீஜெனைக் குறைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ வண்டி, மெட்டிலிருந்து போடிக்கு சுமார் 1,000 மீட்டர் இறக்கம், அதில் இருக்கிற சக்தி ஏறக்குறைய 4.6 யூனிட். டயர் உராய்வு, காற்று, மோட்டாரில் போகும் சேதாரம் எல்லாம் கழித்து இரண்டரை, மூன்று யூனிட் பேட்டரிக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 யூனிட் பேட்டரியில் அது 6, 7 சதவீதம். ஆக மேலே தங்கினால் 85 சதவீதத்தோடு சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், கீழே வந்து சேரும்போது மீட்டர் ஏறியிருக்கும். 100 போடுவதாக இருந்தால் கீழே, வீட்டில் போடுங்கள். மலை ஏறுகிறவனுக்குத்தான் நிறைந்த பேட்டரி வேண்டும்.

நான் 80 சதவீதத்தில்தான் கிளம்பினேன். மூணாறில் ஜனவரிக் காலை. அப்போதும் அதே மஞ்சள் எழுத்து வந்தது.

குளிர்தான் காரணம். பேட்டரி ரொம்பச் சில்லென்று இருக்கும்போது வேகமாகக் கரண்ட் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படியும், அது பேட்டரிக்கு நிரந்தரக் கெடுதல். அதனால் கார் தடுக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி பேட்டரி சூடேறினதும் ரீஜென் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். சார்ஜ் நேரத்தைக் குறித்து வைக்கிற வசதி இருந்தால் கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி வையுங்கள், பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்.

ரீஜென் இல்லையென்றால் பிரேக்கே இல்லை என்று பயந்துவிட்டேன் அண்ணே, கூட அம்மா, குழந்தைகள் எல்லாம் இருந்தார்கள்.

பயம் நியாயம்தான். ஆனால் பெடலை மிதித்தால் பிடிக்கிற டிஸ்க் பிரேக் தனி, பேட்டரி நிறைந்தாலும் அது இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. டீசல் வண்டியை செகண்ட் கியரில் போட்டால் இன்ஜினே கடைசி வரை இழுத்துப் பிடிக்கும், இந்த வண்டியில் ரீஜென் போனால் அந்தத் துணை கிடையாது, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் பிரேக் பேட் மட்டுமே தாங்க வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பெடலில் காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், நன்றாக மிதித்து வேகத்தை இறக்கி, விட்டு, மறுபடி மிதியுங்கள், விடுகிற நேரத்தில் டிஸ்க் ஆறும். கருகின வாசனை வந்தாலோ பெடல் ஆழமாகப் போனாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பழைய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், கார் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

குமுளி இறக்கத்தில் பள்ளத்தில் சக்கரம் இறங்கினதும் வண்டி திடீரென்று முன்னால் பாய்ந்த மாதிரி இருந்தது. ஏன்?

பாயவில்லை. சக்கரம் ஒரு கணம் பிடிமானம் இழந்ததும், வழுக்காமல் இருக்க கார் ரீஜெனை வெட்டிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்தது சட்டென்று விட்டதால் பாய்ந்த மாதிரி தோன்றும். மழையில் இது அதிகம். அப்போது ரீஜெனை ஒரு படி குறைத்து வைத்து, காலைப் பிரேக் பெடலுக்கு மேலே, அழுத்தாமல் தயாராக வைத்திருங்கள்.

நியூட்டிரலில் விட்டால் சார்ஜ் மிச்சமாகுமா?

வேண்டவே வேண்டாம். நியூட்டிரலில் ரீஜெனே கிடையாது, வர வேண்டிய கரண்டும் வராது, பிடிப்பும் போய்விடும்.

எந்த விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும் சார்?

ரீஜென் குறைவு என்ற மஞ்சள் எழுத்துக்கு நிறுத்த வேண்டாம், நிதானம் போதும். ஆமைப் படம் வந்தால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டது, சார்ஜ் தீரப்போகிறது அல்லது ஏதோ சூடேறிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் சிவப்பில் பிரேக் விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரம்கட்டுங்கள், சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், மெக்கானிக் வரும் வரை நகர்த்தாதீர்கள்.

அக்கா ஒருவர் கேட்டது: மழை விட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தால் பிரேக்கில் கரகர சத்தம்.

டிஸ்க்கில் துரு அக்கா. ரீஜெனே வேலையைச் செய்துவிடுவதால் பேட் உரசுவது குறைவு, துரு தங்கிவிடுகிறது. வாரம் ஒருநாள் பின்னால் வண்டி இல்லாத நேராக இருக்கிற சாலையில் ரீஜெனைக் குறைத்துவிட்டு நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் போடுங்கள். அதற்கும் சத்தம் போகவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள்.