நார்க்கழிவுக் கரியும் காப்புரிமையும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தென்னை நார்க்கழிவைக் கரியாக்கி, அதைக்கொண்டு சாயக்கழிவு நீரின் நிறத்தை நீக்குவது என் ஆய்வு. 100 மி.லி. மெத்திலீன் நீலக் கரைசலில் 0.2 கிராம் கரி போட்டால் 98 சதவீத நிறம் போய்விடுகிறது. கட்டுரை தயார். நெறியாளர் உடனே இதழுக்கு அனுப்பச் சொல்கிறார். கல்லூரியிலோ, முதலில் காப்புரிமைக்குப் போட்டு ஒரே மாதத்தில் ‘பப்ளிஷ்’ ஆக்கிவிடலாம், கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் மதிப்பீட்டுக்கு உதவும் என்கிறார்கள். இதற்கிடையே திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்காரர் 50 கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். எதை முதலில் செய்வது? உரிமை எனக்கா, கல்லூரிக்கா? நானே கம்பெனி தொடங்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ம., கோவை

அன்புள்ள ம.,

கட்டுரையையும் கரியையும் இரண்டு வாரம் வெளியே அனுப்பாதீர்கள். அதற்குள் புரொவிஷனல், அதாவது தேதியைப் பிடித்துவைக்கும் முதற்கட்டக் காப்புரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அது போன மறுநாளே கட்டுரை இதழுக்குப் போகலாம். உங்கள் நெறியாளர் சொல்வதற்கும் இதற்கும் உண்மையில் முரண்பாடு இல்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பத்துக்கு முன் வெளியான எதுவும் புதுமையைக் கெடுத்துவிடும். இதழ்க் கட்டுரை மட்டுமல்ல, கருத்தரங்கச் சுவரொட்டி, சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்ட ஆய்வேடு, கல்லூரி இணையதளத்தில் போட்ட செய்தி எல்லாமே இதில் அடங்கும். 31ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. அவை மிகக் குறுகியவை. அவற்றை நம்பி இறங்கக் கூடாது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அதுவும் இல்லை. மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன்–போயர் முறையில் நடந்தது இதுதான். 1973 நவம்பரில் கட்டுரை வந்தது. ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்தில் இருந்த நீல்ஸ் ரெய்மர்ஸ் விஷயத்தைக் கவனித்து, ஓராண்டு முடியச் சில நாட்களே இருக்கும்போது 1974 நவம்பரில் விண்ணப்பம் போட்டார். அமெரிக்க உரிமை தப்பியது, வெளிநாட்டு உரிமைகள் போயின. அமெரிக்க உரிமத்திலிருந்து மட்டுமே 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. மற்ற நாடுகளில் போனது எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்வி நிறுவனம் என்ற தகுதியில் இணையவழி விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். எனவே தயக்கத்துக்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. ஆனால் பலர் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே ஒட்டி புரொவிஷனல் போட்டுவிடுகிறார்கள். அதில் சொல்லாத எதற்கும் அந்தத் தேதி உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் 500 டிகிரியில் கரியாக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 500 என்று மட்டும் எழுதினால், வேறொருவர் 600இல் செய்துகொண்டு போய்விடுவார். 400 முதல் 700 வரை, கரியில் நுண்துளைகள் பெருக எந்த வேதிப்பொருளைக் கொண்டு ஊக்கினீர்கள், அதற்கு மாற்றாக எவை, எந்த விகிதம், எவ்வளவு நேரம், துகள் அளவு எது முதல் எது வரை என்றெல்லாம் சோதித்த எல்லை முழுவதையும் எழுதுங்கள். கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கும் முழு விவரக்குறிப்பைப் புரொவிஷனல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வெளிநாடு போவதென்றால் பல நாடுகளுக்குச் சேர்த்துப் போடும் பி.சி.டி. விண்ணப்பத்துக்கும் அதே 12 மாதம்தான்.

இனி கல்லூரி சொல்லும் ‘ஒரு மாதத்தில் பப்ளிஷ்’. இதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக 18 மாதம் கழித்துத்தான் காப்புரிமை இதழில் வெளியாகும். முழு விவரக்குறிப்போடு படிவம் 9ஐயும் 2,500 ரூபாயையும் கட்டினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். அது வெளியீடு மட்டுமே. யாரும் உங்கள் விண்ணப்பத்தை அதுவரை பரிசோதித்திருக்க மாட்டார்கள், உரிமையும் கிடைத்திருக்காது. ஆனால் தரவரிசைப் பட்டியலுக்கு ஓர் எண் கிடைத்துவிடுகிறது என்பதால் கல்லூரிகள் இதில் அவசரப்படுகின்றன. நட்டம் ஆய்வாளருக்குத்தான். ரகசியமாக இருக்கும் வரை, கரி சரிவரவில்லை என்றால் 15 மாதத்துக்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, மேம்படுத்திப் புதிதாகப் போடலாம். அதே கரியைப் பற்றி நீங்களும் அதுவரை எதையும் வெளியிடாமல் இருந்தால்தான் இந்த வழி திறந்திருக்கும். கட்டுரை தள்ளிப்போடக்கூடியது என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள். படிவம் 9 கட்டி வெளியாகிவிட்டால் உங்கள் பழைய விண்ணப்பமே உங்கள் புதிய விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். கூடவே, முன்னுரிமைத் தேதியிலிருந்து (உங்களுக்கு அது புரொவிஷனல் போட்ட தேதி) 31 மாதத்துக்குள் படிவம் 18இல் பரிசோதனை கேட்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கட்டணம் 4,000 ரூபாய். நாக் குழு வந்துபோன பிறகு அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தேதியை நீங்களே குறித்துவையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்றை உங்கள் கடிதமே எழுப்புகிறது. மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். தாவரக் கழிவின் பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே மரத்தூள் போட்டாலும் மெத்திலீன் நீலம் ஒட்டிக்கொள்ளும். திருப்பூர்ப் பட்டறைகளில் பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின்னூட்டம் கொண்டது. உங்கள் 98 சதவீதம் அந்தத் தொட்டி நீரில் எவ்வளவாக இறங்கும் என்பதுதான் பட்டறைக்காரர் உண்மையில் கேட்கும் கேள்வி. அந்த நீரில் சோடா உப்பு இருப்பதால் கார அமிலக் குறியீடு 10ஐத் தாண்டியிருக்கும். லிட்டருக்குப் பல பத்து கிராம் கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) இருக்கும். எதிர்மின் சாயம் அமில நீரில்தான் பொதுவாக நன்றாக ஒட்டும். அமிலம் ஊற்றிச் சரிசெய்யும் செலவும் உங்கள் கணக்கில் சேரும்.

அளவையும் பாருங்கள். 100 மி.லி.க்கு 0.2 கிராம் என்றால் லிட்டருக்கு 2 கிராம். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடும் பட்டறைக்கு நாளுக்கு 200 கிலோ கரி வேண்டும். அவர் கேட்கும் 50 கிலோ 25,000 லிட்டருக்குத்தான் வரும். தினமும் 200 கிலோவுக்கு மேல் ஈரக் கசடு சேர்ந்தால் எங்கே கொட்டுவது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, கழிவைப் பற்றிய கேள்வி அங்கே முதலில் வரும். எனவே ஒரு முறை பயன்படுத்திய கரியை எத்தனை முறை மீட்டெடுக்க முடிகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு திறன் குறைகிறது என்ற எண்தான் உங்கள் தொழில்நுட்பத்தின் விலையைத் தீர்மானிக்கும். தூளாக இருந்தால் குழாய்க் கலத்தில் அடைத்துக்கொள்ளும், நீர் ஓடாது. குருணையாக்கப் பிணைப்பான் போட்டால் துளைகள் அடைபட்டுத் திறன் குறையும். நார்க்கழிவும் ஊருக்கு ஊர் மாறும்: மட்டை ஊறிய நீரின் உப்பைப் பொறுத்து கரியின் தன்மை மாறும். பொள்ளாச்சியிலிருந்து மூன்று வெவ்வேறு ஆலைகளின் கழிவை எடுத்து ஒரே முறையில் கரியாக்கிப் பாருங்கள்.

ஒரு திசையைச் சொல்லத் தோன்றுகிறது. எல்லாக் கழிவும் கலந்த நீரை விட்டுவிட்டு, சாயமேற்றிய தொட்டியின் உப்புநீரை மட்டும் தனியாக எடுத்து நிறம் நீக்கிப் பாருங்கள். நிறம் போனால் அந்த உப்புநீரை அடுத்த சாயமேற்றலுக்கே திரும்பப் பயன்படுத்தலாம். பட்டறைக்காரருக்கு உப்புச் செலவும், கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆவியாக்கும் செலவும் குறையும். இப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னால் அவர் காதில் விழும்.

புதுமை விஷயத்திலும் இதுவே உதவும். நார்க்கழிவுக் கரியால் சாயம் நீக்குவது பற்றி உங்கள் ஊர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்தே பல ஆண்டுகளுக்கு முன் கட்டுரைகள் வந்துவிட்டன. ‘நார்க்கழிவுக் கரி’ என்ற பரந்த கோரிக்கை நிற்காது. உப்புநீர், குறிப்பிட்ட ஊக்கல் முறை, மீட்கும் முறை என்று குறுக்கினால் நிற்க வாய்ப்புண்டு. இன்னொன்று, நார்க்கழிவு தாவரப் பொருள். பல்லுயிர்ச் சட்டப்படி, உரிமை கிடைக்கும் முன் சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமா என்பதைக் காப்புரிமை முகவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். கடைசியில் இதில்தான் பல விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

உரிமை யாருக்கு என்றால், உங்கள் நியமன ஆணையையும் கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையையும் ஆய்வுக்கு நிதி தந்த அமைப்பின் விதிகளையும் எடுத்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவில், அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று 1980இன் பேய்–டோல் சட்டம் இதைத் தீர்த்துவைத்தது. இங்கே 2008இல் மாநிலங்களவைக்கு வந்த அப்படிப்பட்ட மசோதா சட்டமாகவே இல்லை. எனவே இங்கே ஒப்பந்தமே எல்லாம். வேலை செய்த மாணவர்களின் பெயரைக் கண்டுபிடிப்பாளர்களாகச் சேருங்கள். பரிசோதனையில் பங்கே இல்லாத துறைத்தலைவரைச் சேர்க்காதீர்கள். பிற்காலத்தில் உரிமம் வாங்க வருபவர் முதலில் கிளறுவது இதைத்தான்.

கம்பெனியா, உரிமமா? கரி செய்வது உலை, மூட்டை, லாரி, கடன் வசூல் எல்லாம் கொண்ட தொழில். இதற்கு முழு நேரம் ஒதுக்க ஒரு கூட்டாளி இல்லை என்றால் உரிமம் கொடுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு குடிநீரில் பூச்சிக்கொல்லியை நீக்கும் முறையைக் கண்டபோது, அது யுரேகா ஃபோர்ப்ஸின் வடிகட்டியாக 2007இல் சந்தைக்கு வந்தது. பொருளை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் ஆட்கள் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தார்கள். உங்களுக்கு அப்படிப்பட்டவர், ஏற்கெனவே ஊக்கிய கரி விற்பவராக இருக்கலாம். ஒப்பந்தத்தில் தனியுரிமம் கேட்டால் துணிச் சாயக்கழிவுக்கு மட்டும் கொடுங்கள், தோல், காகிதத் துறைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குக் குறைந்தபட்ச ராயல்டி இவ்வளவு, இத்தனை மாதத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று இரண்டு வரி கட்டாயம் வேண்டும். இவை இல்லாமல் கையெழுத்திட்ட தனியுரிமங்கள்தான் அலமாரியில் தூங்குகின்றன. நீங்களே தொடங்கப் பார்த்தால், முன்மாதிரிக்கு 10 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் நிதி–பிரயாஸ் திட்டத்தைப் பற்றி கோவையில் பி.எஸ்.ஜி.–ஸ்டெப் போன்ற தொழில் வளர் மையத்தில் கேளுங்கள். அதற்கு முன் கல்லூரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

பட்டறைக்காரருக்குப் புரொவிஷனல் போட்ட பிறகு 5 கிலோ கொடுங்கள், 50 வேண்டாம். முதலில் அவருடைய தொட்டி நீரை 20 லிட்டர் கேனில் வாங்கி உங்கள் ஆய்வகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு பக்க ஒப்பந்தம்: கரியை வேறு யாருக்கும் தரக் கூடாது, பகுத்தாய்வுக்கு அனுப்பக் கூடாது, எந்த நாளில் எந்தச் சாயம் போட்ட நீர், எத்தனை லிட்டர், ஊற்றுமுன் நிறம், ஊற்றிய பின் நிறம், கசடின் எடை ஆகியவற்றை அவர் குறித்துத் தர வேண்டும், முடிவுகளை நீங்கள் பயன்படுத்தலாம். பணம் வாங்காதீர்கள். விற்பனையாகிவிட்டால் ரசீது, ஜி.எஸ்.டி. என்று கல்லூரிக் கணக்கில் சிக்கல் வரும்.