கார் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிகிறதா? மலைக்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

ஊட்டியில் கார் ஏசி, ஹீட்டர் வேலை பார்க்கிறேன். பனி இறங்கத் தொடங்கியதும் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்து ரோடு தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் வந்த கேள்விகளை எடுத்து, எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: காலையில பிள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்திட்டுக் கிளம்பினா அஞ்சு நிமிஷத்துல முன்கண்ணாடி மங்கிடுதுங்க. துடைச்சாலும் திரும்ப வருது. ஏன்?

துடைப்பதால் கண்ணாடியில் இருக்கும் துளிதான் போகிறதுங்க, காற்றில் இருக்கும் ஈரம் அப்படியே இருக்கிறது. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் உடம்பிலுமாக மணிக்கு 30, 40 கிராம் தண்ணீர் ஆவியாக வெளியேறும். 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும், 5 டிகிரிக்கு இறங்கினால் 7 கிராம்தான் தாங்கும். வண்டிக்குள்ளே பிள்ளைகள் மூச்சு விட்டு வெதுவெதுப்பாகிற காற்று, வெளிக்குளிரில் விறைத்துக் கிடக்கிற கண்ணாடியைத் தொட்டதும் தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி திருப்பி வையுங்கள், ப்ளோயர் வேகமாக, வெப்பக் குமிழ் சிவப்புப் பக்கம், ஏசி பட்டனும் ஆன். இதைவிட முக்கியம், கார் படத்துக்குள் அம்பு வளைந்து சுற்றுகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அது அணைந்திருக்க வேண்டும். அந்த ரீசர்குலேஷன் எரிந்தால் பிள்ளைகள் விட்ட மூச்சுக் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும், ஈரம் வெளியே போக வழியே இல்லை. மேட்டுப்பாளையத்தில் லாரிப் புகைக்காக அதை அமுக்கிவிட்டு அப்படியே மலை ஏறி, வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் மறந்துபோகிறவர்கள் நிறைய. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு நான் செய்வது அந்த ஒரு பட்டனை அணைப்பது மட்டும்தான், அதற்குக் காசு வாங்குவதில்லை. என்ஜின் சூடேறுகிற வரை எதிரெதிர் ஜன்னல் இரண்டை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள்.

கோத்தகிரி: நாங்களே ஸ்வெட்டர் போட்டு நடுங்குறோம், இதுல ஏசி போடச் சொல்றீங்களே அண்ணா?

ஏசியின் வேலை குளிர வைப்பது மட்டும் இல்லை தம்பி. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்கிற சில்லிட்ட குழாய்ச் சுருள் மேல் காற்று படும்போது ஈரம் அதில் தண்ணீராகப் படிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். வெயில் காலத்தில் நிற்கிற காருக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். அப்படி உலர்ந்த காற்று அப்புறம், என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் சூடாக ஓடுகிற ஹீட்டர் காயில் வழியாகச் சூடாகிக் கண்ணாடிக்கு வருகிறது. ஆக உங்களுக்கு வருவது சூடான காற்றுதான், வெறும் ஹீட்டர் காற்றைவிட ஈரம் குறைந்த காற்று. கண்ணாடி தெளிந்ததும் ஏசியை அணைத்துக்கொள்ளலாம், பெட்ரோல் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பனிக்காலம் முழுக்க ஏசியைத் தொடாமலே விட்டால் கம்ப்ரசருக்குள் ஆயில் ஓடாமல் சீல் காய்ந்துபோகும், அந்தச் செலவுதான் பெரிசு.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உறைபனி விழுகிற விடியற்காலையில், வெளியே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது, பல வண்டிகளில் காயில் உறைந்துவிடக் கூடாது என்று கம்ப்ரசர் தானாகவே வேலை செய்யாது. ஏசி பட்டன் விளக்கு எரியும், ஏசி ஓடாது. அது கோளாறு இல்லை, அந்த நேரத்துக்கு வெளிக்காற்றும் ஹீட்டருமே போதும்.

நடுவட்டம்: வெளியில மூடுபனி அப்பிக்கிட்டு நிக்குது. அந்த ஈரக் காத்தை உள்ளே விட்டா இன்னும் மோசமாகாதா?

எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. பார்க்கத்தான் அது ஈரம். 5 டிகிரி மூடுபனிக் காற்றில் ஆவியாக இருப்பது 7 கிராம்தான், மிதக்கிற துளிகளைச் சேர்த்தாலும் கன மீட்டருக்கு இன்னொரு கிராம்கூடத் தேறாது. அதை உள்ளே எடுத்து 20, 25 டிகிரிக்குச் சூடாக்கினால் இன்னும் பத்து கிராமுக்கு மேல் உறிஞ்சுகிற காற்றாகிவிடும். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற காரின் உள்காற்று அதைவிட எவ்வளவோ ஈரம். தைரியமாக வெளிக்காற்றை எடுங்கள்.

கேத்தி பாலாடா, கேரட் வியாபாரி: பழைய ஆம்னிங்க, ஏசியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. கழுவின கேரட்டை மூட்டையா ஏத்திட்டு விடியக்காலையில மண்டிக்குக் கிளம்பினா ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில துணி. என்னதான் செய்யறது?

அண்ணா, உங்கள் வண்டியில் மூட்டைகளிலிருந்தே லிட்டர் கணக்கில் தண்ணீர் ஏறுகிறது. கழுவிய கேரட்டை மிஷினிலிருந்து நேராகச் சாக்கில் கட்டாமல், சாய்வாகப் பரப்பித் தண்ணீர் வடிய விட்டுவிட்டு ஏற்ற முடிந்தால் அதுவே பாதி வேலை. சீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு தார்ப்பாயோ கனமான பிளாஸ்டிக் ஷீட்டோ கட்டி, சரக்குப் பக்கத்தையும் நீங்கள் உட்கார்கிற பக்கத்தையும் பிரித்துவிடுங்கள். மூட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்தால் தரையில் தண்ணீர் ஊறாது, தகரமும் துருப்பிடிக்காது. உங்கள் பக்கத்து ஜன்னலும் எதிர்ப்பக்க ஜன்னலும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். காது குளிரும், குல்லாய் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி தெரிவதுதான் முக்கியம். 12 வோல்ட்டில் ஓடுகிற சின்ன ஃபேன் ஒன்றை டேஷ்போர்டில் வைத்து முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால், சூடு இல்லாவிட்டாலும் ஓடுகிற காற்றே கண்ணாடியைக் கொஞ்சம் காய வைக்கும்.

கையில் இருக்கிற துணியையும் பாருங்கள். அதே துணியில் கையையும் டேஷ்போர்டையும் துடைத்தால் பிசுக்கு கண்ணாடிக்கு ஏறும், பிசுக்குள்ள கண்ணாடியில் ஆவி சீக்கிரம் பிடிக்கும். கண்ணாடிக்கென்று ஒரு மைக்ரோஃபைபர் துணியைத் தனியாக வையுங்கள். வாரம் ஒரு முறை உள்கண்ணாடியை, முக்கியமாக டேஷ்போர்டு ஓரத்தில் கை எட்டாத அந்தக் கீழ் விளிம்பை, கண்ணாடி துடைக்கிற திரவம் போட்டுத் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் முடியுங்கள். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறுகிற ஆவிதான் மெல்லிய எண்ணெய்ப் படலமாக அங்கே படிகிறது.

கேத்தி: எங்க அப்பா கண்ணாடியில உருளைக்கிழங்கு தேய்ப்பார். இப்போ ஷேவிங் கிரீம்ங்கறாங்க. வேலை செய்யுமா?

இரண்டும் கொஞ்ச நேரம் செய்யும். ஷேவிங் கிரீமில் இருக்கிற சோப்பு, தண்ணீரைத் துளியாக நிற்க விடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும், அதனால் பார்வை மறையாது. ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, வெள்ளை தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். கூடப் போட்டால் ராத்திரி எதிரே வருகிற லைட் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறும், வளைவில் அது ஆபத்து. உருளைக்கிழங்கு மாவுப்படலம் விடும், அதைவிட ஷேவிங் கிரீமே மேல். ஆனால் ஈரம் வருகிற வழியை இது எதுவும் அடைக்காது.

குந்தா, மஞ்சூர் பக்கம்: ராத்திரி பூட்டிட்டு வர்றேன், உள்ளே யாரும் இல்லை. ஆனா காலையில கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணி வழியுது.

இதுதான் இருப்பதிலேயே கவனிக்க வேண்டிய கேள்வி. யாரும் மூச்சு விடாத வண்டியில் தண்ணீர் வழிகிறது என்றால் கார்பெட்டுக்கு அடியில் ஈரம் ஊறிக் கிடக்கிறது. ரப்பர் மேட்டை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துக் கார்பெட் மேல் வைத்து, முழங்காலால் நன்றாக அழுத்துங்கள். நாலு கால் வைக்கிற இடத்திலும் செய்யுங்கள், டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பஞ்சு சொதசொதவென்று இருக்கும், பேப்பர் ஈரமானால் தெரிந்துவிடும்.

முன்பக்கம் ஈரமா, பானெட்டைத் திறந்து வைப்பர் கைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். நம் ஊரில் சீகை மரத்துக்கும் கற்பூர மரத்துக்கும் அடியில்தான் வண்டியை நிறுத்துகிறோம், அந்தப் பொடி இலை இறங்கி வடிகால் துளையை அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி ப்ளோயர் வழியாக உள்ளே இறங்கும். கையால் அள்ளிப்போட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் இடது சீட்டுக்காரர் கால் வைக்கிற இடம் மட்டும், அதுவும் ஏசி ஓடிய பிறகு நனைந்தால் ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. கதவுக்கு அடியில் இருக்கும் சின்னத் துளைகள், கதவு ரப்பர், சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைக் குழாய்கள், முன்கண்ணாடி மாற்றியிருந்தால் அதன் ஒட்டு, இவ்வளவையும் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் விட்டால் வழி பிடிபட்டுவிடும்.

கண்ணாடியில் படிவது பிசுபிசுவென்று இருந்து, உள்ளே ஒரு தித்திப்பு வாடையும் அடித்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடாதீர்கள், என்ஜின் சூடேறி வழியில் நின்றுவிடும்.

ஒழுகலை அடைத்த பிறகு கார்பெட்டைத் தூக்கிவிட்டு வெயிலில் கதவைத் திறந்து காய விட வேண்டும். மேலே மட்டும் காய்ந்தால் பனிக்காலம் முழுக்க அந்தப் பஞ்சு ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

கோவை, சுற்றுலா வந்தவர்: திரும்பி இறங்கும்போது பர்லியார் தாண்டினதும் கண்ணாடி மங்குச்சு சார், ஏசியைக் கூட்டினா இன்னும் மங்குது.

அது வெளிப்பக்க ஆவி. கீழே வர வர வெளிக்காற்று வெதுவெதுப்பும் ஈரமுமாக ஆகும், ஏசியால் கண்ணாடி சில்லென்று இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போலத்தான் இதுவும். வைப்பரை ஒரு முறை போடுங்கள், போனால் வெளிப்பக்கம். ஏசிக் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும்.

தலைக்குந்தா: காலையில முன்கண்ணாடி மேல உறைபனி வெள்ளையா கட்டிக்குது. வெந்நீர் ஊத்தலாமா?

வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கல்லடி இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும், ஊற்றிய தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் திரும்ப உறையும். பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள், ஹீட்டரை முதலில் மிதமாக வைத்துப் பிறகு கூட்டுங்கள். உறைந்து ஒட்டியிருக்கும் வைப்பரைப் போட்டால் ரப்பர் கிழியும், மோட்டாரும் போகும். ராத்திரியே கண்ணாடி மேல் காய்ந்த சாக்கோ அட்டையோ போட்டு, வைப்பரைத் தூக்கி வைத்து, வண்டியின் முகத்தைக் கிழக்கே பார்த்து நிறுத்தினால் காலை வேலை குறையும்.

ஊட்டி டாக்சி ஓட்டுநர்: கல்லட்டி இறக்கத்துல திடீர்னு மங்கினா என்ன செய்யலாம்?

36 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு, அங்கே துடைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது தம்பி. இரண்டு பக்க ஜன்னலையும் முழுசாக இறக்குங்கள், ப்ளோயரை முன்கண்ணாடிக்கு வேகமாக வையுங்கள், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, அகலமான இடம் வந்ததும் நிறுத்தி நாலு இண்டிகேட்டரும் போடுங்கள். நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கும்போது என்ஜின் எரிபொருள் எரிப்பதே இல்லாததால் ஹீட்டர் சூடு குறையும், டீசல் வண்டியில் நன்றாகத் தெரியும். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே கண்ணாடியைத் தெளிய வைத்து, ஏசியையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கொடைக்கானல்: ரூம் கிடைக்காம கார்லயே தூங்கறவங்க கண்ணாடி மங்காம இருக்க என்ஜினை ஓட விட்டு ஹீட்டர் போடறாங்க. சரியா?

உயிர் போகிற விஷயம் இது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்தில் வந்தால் எழுந்திருக்கவே விடாது. என்ஜினை அணைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள், இரண்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நாலு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு லிட்டர் பக்கம் ஈரம் சேரும், கண்ணாடி மங்கத்தான் செய்யும், காலையில் துடைத்துக்கொள்ளலாம். கரி அடுப்பை வண்டிக்குள் வைப்பதும் இதே ஆபத்துதான்.

குன்னூர்: சிலிக்கா ஜெல் பை வைக்கலாமா? அரிசி?

அரிசி வீண். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் இழுக்கும், அரைக் கிலோ பையாவது வேண்டும், ஊறியதும் சூட்டில் காய வைத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஒழுகல் இல்லாத வண்டிக்கு ராத்திரியில் உதவும்.

கூடலூர்: பின்கண்ணாடி கோடு பாதி வேலை செய்யலைங்க.

கோடு அறுந்திருக்கும். அது கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்க உள்பக்கம் ஒட்டியிருக்கிற மெல்லிய கம்பிப்பூச்சு, ஸ்டிக்கர் சுரண்டும்போதும் லக்கேஜ் உரசும்போதும் போகும். மின்சாரம் கடத்தும் பெயின்ட் வாங்கி அறுந்த இடத்தில் பூசலாம். துடைக்கும்போது கோட்டோடு கூடவே, குறுக்கே போகாமல் துடையுங்கள்.

லவ்டேல்: எல்லா பட்டனும் சரியாத்தான் வெச்சிருக்கேன், ஆனா சூடே வரலை. வண்டி போன மாசம்தான் கீழே வாங்கினது.

கீழே வாங்கியது என்கிறீர்கள், அதனால் முதலில் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கிற வால்வு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சமவெளியில் என்ஜின் சூடேறக் கூடாது என்று அதைக் கழற்றிவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. அது இல்லாமல் நம் ஊர்க் குளிரில் என்ஜின் சூட்டுக்கே வராது, ஹீட்டரும் வராது, எரிபொருளும் கூடச் செலவாகும். டேஷ்போர்டில் சூட்டு முள் இருந்தால், இருபது நிமிஷம் ஓடிய பிறகும் அது நடுவுக்கு வராமல் கீழேயே நிற்பதுதான் அடையாளம். தெர்மோஸ்டாட் இருந்தால் கூலன்ட் அளவைப் பாருங்கள், என்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் போடுங்கள், துருப்பிடித்து ஹீட்டர் காயில் அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இலையும் தூசும் அடைத்திருந்தால் சூடு இருந்தும் காற்று வராது.